ஹெட்லைட் அங்கிள்

சென்னைப் புறநகரில் இருபது முப்பது வீடுகள் உள்ள எந்த அடுக்ககத்துக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். நங்கநல்லூரில் ஒருவர் இருப்பார், பெருங்களத்தூரில் ஒருவர் இருப்பார், அம்பத்தூரில் ஒரே கட்டடத்தில் இரண்டு பேர் இருந்து ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லாமலும் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, கறை படிந்த பெர்முடாவும் என்றைக்கோ மாரத்தானில் கொடுத்த டீ ஷர்ட்டுமாக, கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு, தன் காரின் முகத்துக்கு நேரே மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். வாசல் பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் கட்டடத்துப் பிள்ளைகளுக்கு அவர் ஹெட்லைட் அங்கிள்.

வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றவர், அல்லது ஓய்வுக்கு நாள் எண்ணுகிறவர். கார் வாங்கியது 2010 வாக்கில். இன்றுவரை ஐம்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. மார்க்கெட், கோயில், பல் டாக்டர், கல்யாண மண்டபம். அதோடு அதன் உலகம் முடிந்தது. இன்ஜின் சத்தம் போடாது. பின்சீட்டின் ஓரத்தில் கம்பெனி போட்ட பாலிதீன் உறைகூடக் கொஞ்சம் மிச்சமிருக்கும். முன்னால் இருக்கும் இரண்டு விளக்குகள் மட்டும் பழைய ஃபிரிட்ஜின் கைப்பிடி நிறத்தில் மங்கிக் கிடக்கும்.

"இவ்வளவு கம்மியா ஓட்டியும் எப்படி சார் இப்படி?" என்று யாராவது கேட்டுவிட்டால் கேட்டவருடைய அன்றைய பொழுது போயிற்று. ஓட்டத்துக்கும் மஞ்சளுக்கும் சம்பந்தமே இல்லை, நிறுத்தி வைப்பதுதான் காரணம் என்று ஆரம்பிப்பார். அது பெருமளவு உண்மையும்கூட. இப்போதைய கார் விளக்கின் முன்மூடி கண்ணாடியே இல்லை, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அதன் மேல்பரப்பு சிதையும், காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் கூட்டுச் சேரும், மஞ்சள் தட்டும். இதைத் தடுக்கத்தான் தொழிற்சாலையிலேயே மேலே ஒரு கெட்டியான பூச்சு கொடுத்து அனுப்புகிறார்கள். வெயிலும் தூசியும் பொடிக்கல்லும் சேர்ந்து சில வருஷங்களில் அதைத் தின்றுவிடுகின்றன. அங்கிளின் காரில் இதற்கு நேரடிச் சாட்சி உண்டு. தூணை ஒட்டி நிற்கும் இடது விளக்கு பரவாயில்லை. காலை வெயில் சாய்வாக வந்து விழும் வலது விளக்கு மோசம். இதை விளக்க அவர் சாக்பீஸால் தரையில் சூரியன் வரைந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

அப்புறம் சரித்திரம் தொடங்கும். அம்பாசடருக்கு இந்தத் தொல்லை இருந்ததா? இல்லை. ஏன்? கண்ணாடி. வட்டமான, கனமான, கல் பட்டால் உடைகிற, ஆனால் எத்தனை வருஷமானாலும் மஞ்சளாகாத கண்ணாடி. 2014இல் உத்தரபாரா ஆலையில் அந்தக் காரின் உற்பத்தி நின்றபோது அவர் ஒரு நாள் பூராவும் சரியாகப் பேசவில்லை. பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தது யார் என்பதும் அவருக்கு அத்துப்படி. 1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் பாலிகார்பனேட்டைக் கண்டுபிடித்தார். ஏறக்குறைய அதே சமயம் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் தனியாக அதையே கண்டுபிடித்தார். முப்பது வருஷம் கழித்து 1983இல், பல்பும் முகப்பும் ஒன்றாக ஒட்டி மூடிய, குறிப்பிட்ட அளவிலான சீல்டு பீம் விளக்கைத்தான் மாட்ட வேண்டும் என்ற பழைய விதியை அமெரிக்க அரசு தளர்த்தியது. உடனே 1984 மாடல் லிங்கன் மார்க் 7 பிளாஸ்டிக் முகப்போடு அந்த நாட்டுத் தெருவில் இறங்கியது. "அன்னைக்குப் பிடிச்ச சனி" என்பார் அங்கிள். எடை குறைவு, சுலபத்தில் உடையாது, எந்த வடிவத்துக்கும் வளையும் என்பதையும் நியாயமாக ஒப்புக்கொள்வார். கடைசியில் நாலாவது மாடி பால்கனியில் புறாவை விரட்டக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பழைய சிடியைக் கைகாட்டுவார். "அதுவும் இதே சரக்குதான்."

ஒரு மனிதர் முக்காலி போட்டு உட்கார்ந்தால் நாலு பேர் கூடுவது வழக்கம். கூடுகிறவர்களில் கை கொடுக்கிறவர் யாருமில்லை. வைத்தியம் சொல்லாதவரும் யாருமில்லை. "என்ன சார், காட்ராக்ட் ஆபரேஷனா?" என்று கேட்காமல் அந்த இடத்தைத் தாண்டியவர் கிடையாது. ஒவ்வொருவரும் அதை உலகத்திலேயே முதன்முதலாகத் தாம்தான் சொன்னதாக நினைத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போகும்வரை சிரிப்பார்.

முதல் கட்சி பற்பசைக் கட்சி. பல்லைத் தேய்க்க அதில் போட்டிருக்கும் சிலிக்காவோ கால்சியம் கார்பனேட்டோ விளக்கின் மேல்தோலையும் லேசாகச் சுரண்டும். பளிச்சென்று ஆகும். சில வாரங்களில் பழைய குருடி, கதவைத் திறடி. அங்கிளும் ஆரம்பத்தில் இந்தக் கட்சியில் இருந்தவர்தான். ஒரு திங்கட்கிழமை காலையில் குடும்பமே வெறும் ட்யூபைப் பிதுக்க நேர்ந்ததும் விலகினார். அடுத்தது, சி பிளாக் அம்மாள் சிபாரிசு செய்யும் ஆப்பசோடாவும் எலுமிச்சையும். நுரை பொங்குவது பார்க்க அழகுதான். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று, கரியமில வாயு மேலே போனபின் மிஞ்சுவது உப்புக் கரைசல். தேங்காய் எண்ணெய்க் கட்சியும் ஒன்று உண்டு. பூசின அன்று ஜொலிக்கும். மறுநாள் தாம்பரம் பைபாஸ் தூசி மொத்தமும் அதன்மேல்தான்.

விபரீதமானது கொசு விரட்டும் கிரீம். மூன்றாவது மாடித் தம்பி செல்போனில் வீடியோவே காட்டினான். தடவினார்கள், துடைத்தார்கள், விளக்கு மின்னியது. கொசு கிரீம் சிலவற்றில் இருக்கும் டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கை இளக்கக்கூடியது. மேல்தோல் இளகிச் சமனாகும்போது கீறலெல்லாம் மறைந்து தெளிந்ததாகத் தெரியும். மிச்சமிருந்த பூச்சும் அதோடு போகும். வழிந்த சொட்டு பக்கத்துப் பெயின்டையும் பதம் பார்க்கும். "அதுக்குக் கொசுவே பரவாயில்லை தம்பி" என்று சொல்லி அந்தக் கட்சியை மட்டும் அங்கிள் கட்டடத்துக்குள் விடவில்லை.

அவருடைய வழி வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். ஹார்டுவேர் கடையில் 800, 1000, 1500, 2000 என்று நம்பர் சொல்லி வாங்குவார். 3000 இல்லை என்ற கடைக்காரரைப் பரிதாபமாகப் பார்ப்பார். தாளை நாலாகக் கிழித்து, சில துளி ஷாம்பு விட்ட வாளித் தண்ணீரில் ஊறப்போடுவார். விளக்கைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுவார். டேப் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதிலாகப் பம்பரின் இடது மூலையில் பிறை வடிவத்தில் ஒரு கீறல் இருக்கிறது. அது ஆட்டோ உரசியது என்பது வீட்டில் சொல்லப்பட்ட செய்தி.

முதலில் 800, குறுக்குவாட்டில். வடிவது மஞ்சள் பால். பம்பரில் இறங்கி, நம்பர் பிளேட்டின் விளிம்பில் தேங்கி, தரையில் சொட்டும். தேய்க்கத் தேய்க்க அந்த மஞ்சள் வெளுத்து வெள்ளையாக வடிய ஆரம்பிக்கும். கெட்ட தோல் போய்விட்டது, நல்ல பிளாஸ்டிக் தட்டுப்படுகிறது என்று அர்த்தம். அந்தத் தண்ணீரை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற நேரத்தில், அமெரிக்காவிலிருந்து மகளே கூப்பிட்டாலும் போனை எடுக்க மாட்டார். அடுத்து 1000, இப்போது மேலிருந்து கீழாக, முந்தின கோடுகள் மறையும்வரை. பிறகு 1500, மறுபடி குறுக்கே. அதன்மேல் 2000, மறுபடி மேலிருந்து கீழாக. அவசரப்பட்டு ஒரு நம்பரைத் தாண்டிக் குதித்தால் பழைய கோடு கடைசிவரை நின்று காட்டிக்கொடுக்கும்.

இந்தக் கட்டத்தில் துடைத்துக் காயவிட்டால் விளக்கு முழுக்க வெள்ளைவெளேரென்று மூடிப்போயிருக்கும். வீட்டம்மா பால்கனியிலிருந்து எட்டிப் பார்ப்பதும் இதே நேரத்தில்தான்.

"ஏங்க, மஞ்சளா இருந்தாலும் ஏதோ விளக்கா இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சா?"

அவர் வாயால் பதில் சொல்வதில்லை. ஒரு குவளைத் தண்ணீரை விளக்கின் மேல் ஊற்றுவார். தண்ணீர் கீறல்களை நிரப்பும் அந்த இரண்டு விநாடிக்கு எல்லாம் தெளிந்து, உள்ளே பல்பு, வெள்ளி நிற முலாம், மூலையில் செத்துக் கிடக்கும் கொசு வரை தெரியும். "பார்த்தியா?" என்று நிமிர்வதற்குள் அம்மா உள்ளே போயிருப்பார்.

கடைசியாக ரப்பிங் காம்பவுண்ட். இரண்டாவது மாடியில் இரவல் வாங்கிய டிரில் மெஷினில் ஃபோம் பேட் மாட்டி ஓட்டுவார். பாலிகார்பனேட் சுமார் 147 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். மெஷினை ஒரே இடத்தில் அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அழியாத தழும்பு விழும். ஆகவே கை நகர்ந்துகொண்டே இருக்கும். பதினொரு மணி வாக்கில் விளக்கு ஷோரூமிலிருந்து இறங்கிய அன்றைய தெளிவோடு நிற்கும். வாட்ச்மேன் வந்து, "புதுசு மாத்திட்டீங்களா சார்?" என்பார். காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

உண்மையில் முக்கியமான வேலை இனிமேல்தான் இருக்கிறது. தேய்த்த தேய்ப்பில் தொழிற்சாலைப் பூச்சு அடியோடு போயாயிற்று. முன்பைவிடச் சீக்கிரம் வெயில் வேலையைக் காட்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு, புற ஊதாவைத் தடுக்கும் கிளியர் கோட் அடித்தாக வேண்டும். நாள்பட நிற்பது ஹார்ட்னர் கலக்கிற ரகம். அதற்கு முறையான முகமூடி வேண்டும், தூசியில்லாத நிழல் வேண்டும், காயும்வரை யாரும் தொடக்கூடாது, தலைக்கு மேலே புறா உட்காரக்கூடாது. இத்தனையும் செய்து முடித்தபின் விளக்கு எப்படி இருக்கும்? செய்வதற்கு முன்னால் இருந்த மாதிரியேதான் இருக்கும். வாட்ச்மேன் இன்னொரு தடவை வந்து எதுவும் கேட்க மாட்டார். அங்கிளின் சுருதி அங்கே இறங்கிவிடும். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று மேலே போய்க் குளித்து, சாப்பிட்டு, தூங்கிவிடுவார். கிளியர் கோட் டப்பா ஷூ ராக்கின் மேல்தட்டில் சீல் உடையாமல் இருக்கிறது. அதன் காலாவதித் தேதி போன தீபாவளிக்கு முன்பே முடிந்துவிட்டது.

சில மாதங்களில் மஞ்சள் திரும்பி வரும். அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. முக்காலியைத் தூசி தட்டுகிற வேகத்தைப் பார்த்தால் எதிர்பார்த்திருந்தார் என்றே தோன்றும்.

கேலி செய்பவர்களுக்கு அவரிடம் புள்ளிவிவரம் உண்டு. அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, மங்கிப்போன விளக்கு புதியது தரும் வெளிச்சத்தில் சுமார் 20 சதவீதத்தைத்தான் தருகிறது. தேய்த்துச் சரிசெய்தால் சுமார் 70 சதவீதம்வரை மீட்கலாம். இந்த இரண்டு எண்களையும் அவர் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். ஒரிஜினல் பாகத்தையே மாற்றினால் இன்னும் நல்ல வெளிச்சம் என்று அதே ஆய்வு சொல்வதை எடுத்துக்காட்டினால், "ஜி.பி. ரோட்டுல விலை கேட்டுட்டு வந்து பேசுங்க" என்று முடித்துவிடுவார்.

மீட்ட வெளிச்சத்தை என்ன செய்கிறார் என்பது வேறு விஷயம். அன்று சாயங்காலம் இருட்டியதும் காம்பவுண்டுச் சுவருக்கு நேராகக் காரை நிறுத்தி லோ பீம் போட்டு, வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோடு கிழித்தாற்போல் விழுவதைக் காட்டுவார். அந்தச் சுவரோரத் தரைத்தள வீட்டுக்காரர் எழுந்து ஜன்னலைச் சாத்துவார். மற்றபடி அங்கிள் இரவில் காரை வெளியே எடுப்பதே இல்லை. "எதிர்ல வர்றவன் எல்லாம் ஹை பீம்லயே வர்றான், கண்ணு கூசுது."

காருக்குப் பதினைந்து வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோது அவருக்கு உள்ளூர ஒரு குஷி. அரசாங்கமே விளக்கைப் பார்க்கப் போகிறது. முந்தின வாரம் இரண்டு விளக்கையும் 3000 வரை தேய்த்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பரைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், "லைட் போடுங்க" என்றார், எரிந்தது, "ஆஃப் பண்ணுங்க" என்றார். அவ்வளவுதான். வீடு திரும்பும் வழியெல்லாம் அங்கிள் வாயே திறக்கவில்லை.

போன மாதம் பக்கத்துப் பார்க்கிங்குக்கு ஒரு புதுக் கார் வந்தது. வண்டியில் கட்டிய மாலை இன்னும் வாடவில்லை. அங்கிள் அதை ஒரு சுற்று சுற்றி வந்து, குனிந்து, வலது விளக்கை நகத்தால் மெல்லத் தட்டிப் பார்த்தார். "இங்க காலை வெயில் நேரா விழும் தம்பி. மேல்மூடி என்னமோ இப்ப நல்லாத்தான் இருக்கு. நாலஞ்சு வருஷம் போகட்டும், ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்துடலாம்." அந்தப் பையன் மறுநாளே அசோசியேஷன் செயலாளரைப் பார்த்து, பின்பக்கம் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இடம் மாற்றி வாங்கிக்கொண்டான். அங்கே வெயிலே படாது என்று அங்கிள்தான் அவனுக்குச் சிபாரிசு செய்ததாக இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார்.