ஓய்வுபெற்ற மூன்றாம் ரன்லெவலின் விண்ணப்பம்

அனுப்புநர்: மூன்றாம் ரன்லெவல் (ஓய்வு), பழைய இனிட் அலுவலகம், லினக்ஸ்.

பெறுநர்: உயர்திரு சிஸ்டம்டி அவர்கள், ஒன்றாம் எண் புராசஸ்.

பொருள்: ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் 6-லிருந்து 7-க்கு மாறிய சர்வர்களில் அட்மின்கள் என் பெயரைச் சொல்லி அலைவது – நிவாரணம் கோருதல் தொடர்பாக.

ஐயா,

2010-இல் அறிவிக்கப்பட்ட தாங்கள், மறு ஆண்டே ஃபெடோரா 15-இல் பொறுப்பேற்றீர்கள். 2014-இல் ரெட் ஹேட், 2015-இல் டெபியன் 8 என்று வரிசையாகத் தங்கள் ஆட்சிக்குள் வந்தன. எனக்குப் பொறாமை இல்லை. எங்கள் காலத்தில் எண் வரிசையில் நிற்கும் சர்வீஸ்களில் ஒருவர் எழுந்து முடித்தால்தான் அடுத்தவர் எழுவார். பத்தாம் எண் நெட்வொர்க் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தால் எண்பதாம் எண் சென்ட்மெயிலும் படுத்தே கிடக்கும். தாங்கள் எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுப்புகிறீர்கள். வேகம்தான், மறுக்கவில்லை.

பதவி போனதைப் பற்றியும் புகார் இல்லை. பெயர்ப்பலகையைக் கழற்றாமல் விட்டதைப் பற்றித்தான். கணினி எந்த நிலையில் எழ வேண்டும் என்று சொல்லும் ரன்லெவல்களான எங்கள் ஆணைகள் இனிட்டாப் என்ற கோப்பில் இருந்தன. ரெட் ஹேட் 6-இலேயே அதன் அதிகாரத்தையெல்லாம் பிடுங்கி, எந்த ரன்லெவலில் எழுவது என்ற ஒற்றை வரியை மட்டும் விட்டுவைத்தார்கள். 7-இல் அந்த வரியும் செல்லாது. ஆனால் கோப்பு இருக்கிறது! இங்கே எதை எழுதினாலும் பலனில்லை என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அறிவிப்பைப் படித்துவிட்டு வேலை செய்கிற அட்மினைத் தாங்கள் பார்த்ததுண்டா? கிராஃபிக்ஸ் டிரைவர் படுத்துவிட்ட கணினியில் அவர் அதில் 3 என்று பழைய வரியை எழுதிச் சேர்ப்பார், ரீபூட் செய்வார், அதே கறுப்புத் திரையைப் பார்ப்பார். பிறகு என்னைத் திட்டுவார்.

வேடிக்கை என்னவென்றால், கிரப் திரையில் 'இ' விசையைத் தட்டி, கெர்னல் வரியின் கடைசியில் வெறும் 3 என்று சேர்த்தால், தாங்களே மரியாதையாக டெக்ஸ்ட் முறையில் எழுப்பிவிடுகிறீர்கள். வாசலில் செல்லுபடியாகும் என் பெயர் அலுவலகத்துக்குள் ஏன் செல்லாது? உள்ளே போனதும் 'சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட் மல்டி-யூசர் டார்கெட்' என்று முழு முகவரியும் சொன்னால்தான் மாற்றம் நிலைக்கிறது.

டிஸ்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் விவகாரம் இதைவிட மோசம். எப்போதோ கழற்றிக்கொண்டு போன பேக்கப் டிஸ்கின் பெயர் அதில் கிடந்தால், நாங்கள் பெரும்பாலும் முணுமுணுத்துவிட்டு மேலே போய்விடுவோம். தாங்கள் ஒன்றரை நிமிடம் அதற்காகக் காத்திருந்துவிட்டு, மொத்த சர்வரையும் எமர்ஜென்சியில் தள்ளுகிறீர்கள். அந்த வரியில் 'நோஃபெயில்' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும். டெபியன் 8-இன் வெளியீட்டுக் குறிப்பிலேயே இதைச் சொல்லியிருந்தார்கள். வெளியீட்டுக் குறிப்பும் அறிவிப்புப் பலகை வகைதானே.

எமர்ஜென்சியில் ரூட் பாஸ்வேர்டு கேட்கிறீர்கள். சில கணினிகளில் ரூட் கணக்கே பூட்டிக் கிடக்கிறது. 'பூட்டியிருக்கிறது, தொடர என்டரைத் தட்டவும்' என்கிறது திரை. தட்டினால் மறுபடி அதே வரி. மூன்றாம் ஜன்னலுக்குப் போனவரை முதல் ஜன்னலுக்கே அனுப்பும் தாலுகா அலுவலகத்தில்கூட இடையில் ஒரு டீக்கடை உண்டு.

கடைசியாக என் மானப் பிரச்சினை. நான்காம் ரன்லெவல் பணிக்காலம் முழுக்க ஒரு துரும்பைக்கூட நகர்த்தாதவர். பழைய இனிட்டாப்பிலேயே அவர் பெயருக்கு நேரே 'பயன்பாட்டில் இல்லை' என்றுதான் எழுதியிருந்தது. மானிட்டர் இல்லாத சர்வர்களை எல்லாம் சுமந்தவன் நான். தங்கள் சீரமைப்பில் இரண்டு, மூன்று, நான்கு மூவரும் ஒரே மல்டி-யூசர் டார்கெட்! பணிமூப்பு என்ற ஒன்று கிடையாதா?

எனவே, செத்த கோப்பை அடக்கம் செய்து, ரூட் பூட்டிய இடத்தில் மாற்று வழி ஒன்று திறந்துவிட வேண்டுகிறேன். இரண்டும் முடியாதென்றால், நான்காம் ரன்லெவலையாவது என் நாற்காலியிலிருந்து எழுப்பிவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூன்றாம் ரன்லெவல்