குனிங்க மாப்பிள்ளை!

ஏப்ரல் சீசன் முடிந்துவிட்டது. கட்டுரையாளரின் எரிச்சல் முடிந்தபாடில்லை. பிள்ளைகளுக்கு லீவு என்று நுவரெலியா போய், ஒரு ஹோட்டல் புல்வெளியில் குடும்பத்தோடு மினி கோல்ஃப் ஆடியதில் யார் ஜெயித்தது என்று சொல்லத்தான் அவர் உட்கார்ந்தார். அதற்கு முன் மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவரேதான்.

அசல் கோல்ஃப் அந்த ஊருக்கு வந்தது 1889இல். நகரத்தின் நட்டநடுவே 18 குழிகளோடு மைதானம் நீட்டிப் படுத்திருக்கிறது. அது துரைமார் ஆட்டம், மற்றவர்களுக்கு வேலியோரம். சின்ன கோல்ஃபும் இப்படி ஒதுக்கி வைத்ததில் பிறந்ததுதான். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பெண்கள் தோளுக்கு மேலே மட்டையை ஓங்கினால் அடக்கமில்லை என்றார்கள். அதனால் 1867இல் அவர்களுக்கென்று, பந்தை மெல்லத் தட்டி உருட்டுகிற ஒரு திடல் உண்டானது. மேடும் பள்ளமுமான அந்தத் திடலுக்குப் பெயர் இமயமலை.

கடல் மட்டத்துக்கு 1,868 மீட்டர் மேலே நின்ற மாமாவிடம் கட்டுரையாளர் இதைச் சொன்னார்.

“அதெல்லாம் இருக்கட்டும். நீங்க குனிங்க மாப்பிள்ளை.”

குனிந்தார். “இவ்வளவு வேணாம். நிமிருங்க. அட, ரொம்ப நிமிர்ந்துட்டீங்க. காலை அகட்டி வைங்க. பந்தைப் பாருங்க. பந்தையே பார்த்தா குழி எப்படித் தெரியும்? குழியைப் பாருங்க. மூச்சை விடாதீங்க. எதுக்கு மூச்சைப் பிடிக்கிறீங்க? மெதுவா. இப்படித் தடவினா பந்து எப்படிப் போகும்? ஓங்கி ஒண்ணு போடுங்க. ஐயோ, அவ்வளவா?” பந்து செவ்வந்திப் பாத்திக்குள் போய்விட்டது. “நான் அப்பவே சொன்னேன்.” எதை என்று கேட்க ஆளில்லை. அத்தனையும்தான் சொல்லியிருந்தாரே. மாமா அதுவரை கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்கள் பறித்து வந்த கொழுந்தை நிறுக்கும்போது பைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்தே பழகிய கை. கழித்தால் லாபம் வருகிற ஆட்டம் இது என்பதை முதல் குழியிலேயே கண்டுபிடித்துவிட்டார். காலையில் பெய்த தூறலைக் காட்டி, தன் கணக்கில் மட்டும் குழிக்கு இரண்டு அடி ஈரத்துக்குக் கழித்தார். “அன்னைக்கு அந்தப் பொம்பளைங்களுக்கும் கழிச்சீங்க, இன்னைக்கு உங்களுக்கும் கழிக்கிறீங்க. ரெண்டுலயும் லாபம் உங்க பக்கந்தான்” என்றார் அத்தை. மாமாவுக்கு அது காதில் விழவில்லை.

போட்டி மினிகோல்ஃபில் நல்ல விதி ஒன்று உண்டு: ஆறு அடியிலும் பந்து விழாவிட்டால் ஏழு என்று எழுதிக்கொண்டு நகர வேண்டும். கட்டுரையாளர் அதை எடுத்துச் சொன்னார். “அது வெளிநாட்டுல” என்று மாமா காற்றாடிப் பாலத்தடியில் மறுபடியும் குனிந்தார். பின்னால் கொழும்பிலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள் கைகட்டிக் காத்திருந்தன.

உண்மையில் வயிறெரிவது இதற்குத்தான். பிள்ளைகளுக்கென்று போன ஆட்டத்தில் பிள்ளைகள் கைக்கு மட்டை வரவேயில்லை. சின்னவள் ஒரே ஒரு முறை பிடித்தாள். பிடி சரியில்லை என்று மாமா வாங்கிக்கொண்டார். அப்புறம் அவள் அவித்த சோளத்தைக் கடித்தபடி திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவர்கள் மூன்று பேர் அவளுக்காக விளையாடினார்கள்.

யார் ஜெயித்தது? கணக்கு மாமாவின் சட்டைப் பையில் இருக்கிறது, சரிபார்த்துக்கொண்டிருக்கிறாராம். அன்று சாயங்காலம் எல்லோரும் கிரெகரி வாவிக்குப் போனார்கள். 1873இல் ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில் கட்டிய குளம் அது. பிள்ளைகள் அன்னப் படகில் ஏறியதும், மாமா கரையில் நின்று இடது காலா வலது காலா என்று சத்தம் போடத் தொடங்கினார்.