தாத்தா இன்ஸ்பெக்டர், பேரனுக்கு இன்ஸ்பெக்டரே இல்லை

மைசூர் சமஸ்தானத்தில் ஹோர்முஸ்ஜி பாபா என்றொரு பார்சிக்காரர் கல்வித்துறை இன்ஸ்பெக்டர் ஜெனரலாக இருந்தார். அவர் வருகிறார் என்றால் வாத்தியார்கள் தலைப்பாகையைச் சரிசெய்திருப்பார்கள், பையன்கள் மூக்கைத் துடைத்திருப்பார்கள். அவருடைய பேரன்தான் அணு விஞ்ஞானி ஹோமி பாபா. இன்ஸ்பெக்டர்கள் தரும் தொல்லை குடும்பத்துக்கே தெரிந்திருந்ததோ என்னவோ, தன் தலைக்கு மேலே ஒருவர் முளைக்காமல் பார்த்துக்கொண்டார்.

1948-இல் அணுசக்திக் கமிஷன் வந்தது, தலைவர் பாபா. 1954-இல் அணுசக்தித் துறை, செயலாளர் பாபா. டிராம்பேயில் ஆராய்ச்சி நிலையம், இயக்குநரும் அவரே. மேலே இருந்தவர் பிரதமர் நேரு ஒருவர்தான். அவருக்கும் பாபாவின் கடிதங்கள் ‘அன்புள்ள பாய்’ என்றே போகும்.

1956 ஆகஸ்ட் 4-ஆம் தேதி அங்கே அப்சரா அணு உலை உயிர்பெற்றது. அதற்கு முந்தைய நாட்களை நான் இப்படிக் கற்பனை செய்துகொள்கிறேன்: ‘உலையை ஓட்டலாமா?’ என்று இயக்குநர் பாபா நோட் போடுகிறார். செயலாளர் பாபா அதைப் படித்துவிட்டு, ‘கமிஷனின் கருத்து தேவை’ என்று ஃபைலைத் தள்ளுகிறார். தலைவர் பாபா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ‘ஆட்சேபணை இல்லை’ என்று கையெழுத்திடுகிறார். மூன்று மேஜைக்கும் ஒரே காபி.

அமெரிக்கா மட்டும் யோக்கியமா என்றால், அங்கேயும் 1953-இல் வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் உலை ஓட்டத் தொடங்கியபோது, அணுசக்தியை வளர்ப்பதும் கண்காணிப்பதும் ஒரே கமிஷன்தான். 1975-இல் வெட்கப்பட்டுக் கண்காணிப்புக்குத் தனி கமிஷன் வைத்தார்கள். இன்றைக்கு அங்கே பல்கலைக்கழக உலைக்கு லைசென்ஸ் வேண்டும். அதை இயக்கும் மாணவனும் பரீட்சை எழுதித் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும். 1916-இல் பிறந்த மைசூர் பல்கலைக்கழகத்துக்கு இந்தத் தலைவலியே கிடையாது. அணு உலை என்பது நம் நாட்டில் சர்க்கார் சொத்தாகவே இருந்துவந்தது. அதன் மானசகங்கோத்ரி வளாகத்தில் துணைவேந்தர் நிம்மதியாகத் தூங்கலாம்.

நமக்கும் 1983 நவம்பர் 15-இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கிடைத்தது. அப்போது வாரியம் யாருக்குப் பதில் சொன்னது? கமிஷனுக்கு. கமிஷனின் தலைவர் யார்? அணுசக்தித் துறைச் செயலாளர். வாரியத்தின் கட்டடம் எங்கே? மும்பை அணுசக்தி நகரில், கண்காணிக்க வேண்டியவர்களின் குடியிருப்பிலேயே. தொண்ணூறுகளில் வாரியத் தலைவராக இருந்த ஏ. கோபாலகிருஷ்ணன் மட்டும் வேலையை நிஜமென்று நம்பி, பாதுகாப்புக் குறைகள் 130 என்று பட்டியல் போட்டார். பதவி நீட்டிப்பு வரவில்லை. 2000-இல் அந்த டிராம்பே நிலையம், அதாவது பாபா அணு ஆராய்ச்சி மையமே வாரியத்தின் கையிலிருந்து நழுவியது. இனித் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே பார்த்துக்கொள்வதாக உள்ளேயே ஒரு குழுவும் வைத்தார்கள்.

மைசூருக்கு வெளியே, எலவாலா பக்கம் ரத்னஹள்ளியில் யுரேனியம் செறிவூட்டும் ஆலை அந்த மையத்தைச் சேர்ந்தது. பெயர் ‘அரிய பொருட்கள் ஆலை’; பார்க்கக் கிடைப்பதும் அரிதுதான். மதிலுக்கு வெளியே ஊர்க்காரர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துச் சலித்திருக்க, 2014-இல் லண்டன் ஆய்வு நிறுவனம் ஒன்று செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே ஆலை விரிவடைவதாக எழுதிவிட்டது.

2012-இல் தணிக்கை அதிகாரி வந்து, விதியை மீறினால் அபராதம் என்ன என்று வாரியத்தின் ஏடுகளைப் புரட்டினார். உச்சபட்சம் 500 ரூபாய். தசரா ஊர்வலத்தை நல்ல நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க மைசூரில் அதைவிட அதிகம் கேட்பார்கள்.