கொட்டாப்புளியும் குருவியும்

ஏலே பேராண்டி, மரத்துல குருவி செதுக்கப் போறியாமே! உளி, கொட்டாப்புளி, பெட்டி நிறைய வர்ணம், கையுறை எல்லாம் பார்சல்ல வந்து இறங்கிட்டாம். குருவியைத்தான் இன்னும் நேர்ல பாக்கலையாம். அதனால என்ன, செல்போன்ல இருக்கும்லா!

மரம் எது, தேக்கா? ரொம்ப நல்லது. கதவு நிலைக்குப் போற கட்டையில மூக்கு சீவு. உன் அறுபதாங் கல்யாணத்துக்குள்ள முடிஞ்சிரும். வெப்பாலை தெரியுமால, ஒடிச்சா பால் வடியுமே? கர்நாடகத்துச் சன்னபட்டணாவுல பொம்மை கடையுதது அந்த வெள்ளை மரத்துலதான். ஆந்திராவுல கொண்டபள்ளிப் பொம்மைக்காரங்களுக்குத் தெல்ல பொனிக்கி மரம். ரெண்டும் லேசு, கத்தி சொன்னபடி கேக்கும். நிழல்ல நல்லாக் காய வச்சிட்டுத் தொடு. ஈரத்தோட செதுக்கினா, காயும்போது வெடிச்சு குருவிக்கு முதுகுல வாய் திறந்துக்கும்.

ரேகை ஓடுத திசையைப் பாத்துட்டு அப்புறம் படம் வரை. மூக்கும் வாலும் ரேகையோட போகணும். குறுக்க வச்சியோ, சாயங்காலமே அது சூர்ப்பணகை. காலையும் மரத்துலயே சீவுதேன்னு வீரம் பேசாதே, கம்பியை வளைச்சுச் செருகு. கொண்டபள்ளியிலயே உறுப்பைத் தனித்தனியாச் செதுக்கி, புளியங்கொட்டைப் பசையில மரத்தூளைக் குழைச்சுத்தான் ஒட்டுதாங்க. அவங்களுக்கு இல்லாத ரோஷம் உனக்கு எதுக்கு?

கத்தி மழுங்கியிருந்தா பத்திரம்னு நினைக்கியோ? மொட்டைக் கத்திதான்டே விரலைத் தேடும். அழுத்தம் கூடக் கூட வழுக்கும். சாணைக்கல்லுல தீட்டிக்கோ. கையுறையைக் கழட்டிராதே, நீ வாங்குனதுல புத்தியுள்ள சாமான் அது ஒண்ணுதான்.

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் மாதிரி மினுக்கணுமா? அது கடைசல் வேலைல்லா. சுத்துத மரத்துல அரக்குக் குச்சியை அழுத்தினா, உரசுத சூட்டுல உருகி அப்படியே பிடிச்சுக்கும். உன் குருவியைச் சுத்த முடியாது. (அந்த அளவுக்கு உருண்டையா வந்திருந்தா தனியாப் பேசுவோம்.) உனக்குத் தூரிகைதான். வெறும் மரம் சாயத்தைக் குடிச்சுப் பரப்பிரும். உப்புத்தாள் போட்டுத் தேச்சு, வெள்ளை ஒரு பூச்சு குடுத்துக் காய விடு.

ஆண் சிட்டுக்குத் தொண்டையில கறுப்பு உண்டு, பொட்டைக்குக் கிடையாது. பச்சைக்கிளியில கழுத்து வளையம் ஆணுக்குத்தான். சின்ன நீல மீன்கொத்திக்குக் கீழ்மூக்கு சிவந்திருந்தா அது பொட்டை. நீ பாட்டுக்கு ரெண்டுக்கும் ஒரே சாயத்தை அடிச்சு ஜோடின்னு விக்காதே. வாங்குன வீட்டுல எப்படிக் குஞ்சு பொரிக்கும்? ரேஷன் கடை வாசல்ல சிந்துன அரிசிக்கு எது எது வருதுன்னு போய் உக்காந்து பாரு. அப்படியே ஆச்சிக்கு அரிசி வாங்குன மாதிரியும் ஆச்சு.

கண்ணைக் கடைசியில வை. ஸ்தபதிங்க சாமிக்கே கடைசியிலதான் கண்ணு திறக்காங்க. முதல்லயே திறந்துட்டேன்னா, நீ பண்ணுத கொடுமை எல்லாத்தையும் அது பாத்துக்கிட்டே இருக்கும்.

முடிச்சதும் பேரைச் சொல்லாம ஆச்சிகிட்ட நீட்டு. பச்சைக்கிளியைப் பாத்து, 'ஆந்தை லட்சணமா இருக்குடே'ன்னு சொல்லுவா. வாதாடாதே. செதுக்குன மரத்தை இனி ஒட்ட முடியாது. 'ஆமா ஆச்சி, ஆந்தைதான், இன்னும் பழுப்பு அடிக்கலை'ன்னு சொல்லிட்டு வந்துரு.