பற்றாத பாய்லர்: அகமும் புறமும்

1. ஆய்வின் நோக்கமும் எல்லையும்

பிரிட்டனில் குடியேறிய தமிழர் கோயில் கட்டியதை எழுதியாயிற்று. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்தியதையும் எழுதியாயிற்று. ஜனவரி மாதத்து விடியற்காலையில், சமையலறைச் சுவரில் தொங்கியபடி வீட்டையும் குழாய்நீரையும் சூடாக்கும் பாய்லர் என்னும் வெள்ளைப் பெட்டியின் முன் ஒரு குடும்பமே போர்வையோடு கூடி நிற்கும் நிகழ்வை மட்டும் அறிஞர் உலகம் கண்டுகொள்ளவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம்: லண்டனில் கிழக்கே ஈஸ்ட் ஹாம், மேற்கே ஹாரோ. ஆய்வுக் காலம்: விரல் விறைக்கும் வரை.

கருதுகோள் இது: பாய்லர் பற்றாமைக்கான காரணத்தை முதலில் பாய்லருக்கு வெளியே தேட வேண்டும். தேடுபவரோ பெட்டியையே முறைத்துக்கொண்டு நிற்கிறார்.

2. வரலாற்றுச் சுருக்கம்

1868-இல் பெஞ்சமின் வாடி மாகன் என்னும் லண்டன்காரர் கேஸில் வெந்நீர் போடும் கருவி ஒன்றைச் செய்து அதற்குக் கீசர் என்று பெயரிட்டார். அதற்குப் புகைபோக்கி கிடையாது. குளிக்கப் போனவர் நல்லபடியாகத் திரும்புவார் என்பதற்கு உத்தரவாதமும் கிடையாது. அன்றுமுதல் இத்துறை அறிஞர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டது, நெருப்பை எப்போது பற்றவிடக் கூடாது என்ற கேள்விக்காகத்தான்.

அடுத்து வந்தது அணையா விளக்குக் காலம். பைலட் எனப்படும் குட்டிச் சுடர் இரவும் பகலும் எரியும். அதன் சூட்டில் தெர்மோகப்பிள் என்ற சிறு உறுப்பு சில மில்லிவோல்ட் மின்சாரத்தை உண்டாக்கி, கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். சுடர் அணைந்தால் வால்வு தானே மூடிக்கொள்ளும். 2005 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகப் பொருத்துவது, சில விதிவிலக்குகள் நீங்கலாக, கண்டென்சிங் பாய்லராகவே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அணையா விளக்கின் இடத்தில் சர்க்யூட் போர்டு அமர்ந்தது. தீக்குச்சியோடு அருகே போகும் உரிமையைக் குடும்பத் தலைவர்கள் இழந்தார்கள்.

3. பற்றுதலின் படிகள்

முதலில் தெர்மோஸ்டாட், குளிர்கிறது என்று முறையிடும். விசிறி சுழலும். அது சுழல்வது உறுதியான பிறகே தீப்பொறி தட்டும், கேஸ் திறக்கும், சுடர் எழும்.

இத்தோடு முடிந்தது என்று நினைப்பவர் இத்துறைக்குப் புதியவர். சுடர் எழுந்தால் போதாது, எழுந்ததற்குச் சான்று வேண்டும். சுடரில் மின்னூட்டம் பெற்ற அயனிகள் இருப்பதால் அதன் வழியே மின்சாரம் பாயும். மாறுமின்சாரத்தைச் செலுத்தினால், சுடர் அதை ஒரே திசையில் ஓடும் மிக நுண்ணிய மின்னோட்டமாக்கித் தரும். மைக்ரோ ஆம்பியரில் அளக்கும் அந்தத் துளி வந்து சேர்ந்தால்தான் போர்டு நம்பும். சுடரை அறியும் உணர்முனையில் கரி படிந்தாலோ அதன் பீங்கான் உறை விரிசல் விட்டாலோ, கண்ணெதிரே நீலச் சுடர் எரிந்தாலும், இல்லை என்று தீர்ப்பளித்துக் கேஸை மூடிவிடும். ஆள் இருப்பது வேறு, இருப்பதற்கு அத்தாட்சி காட்டுவது வேறு என்னும் இத்தத்துவத்தை, விசா அலுவலகம் போய்வந்த தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

4. புறக் காரணங்கள்

பணவகை: முன்பணம் கட்டும் மீட்டரில் காசு தீர்ந்துபோதல். அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அடுப்பும் பற்றாவிட்டால் பாய்லர் நிரபராதி.

அரசியல்வகை: தெர்மோஸ்டாட்டை யாரோ குறைத்து வைத்திருத்தல். பில் கட்டுபவர் 16-இல் வைப்பார். மற்றவர்கள் 21-க்கு ஏற்றுவார்கள். இரண்டையும் யாரும் செய்திருக்க மாட்டார்கள். குழாயில் வெந்நீர் வந்து ரேடியேட்டர் மட்டும் சில்லென்றிருந்தால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம். கம்பியில்லாத தெர்மோஸ்டாட்டில் பேட்டரி தீர்ந்துபோவதும் இவ்வகையின்பாற்படும்.

காலவகை: அக்டோபர் கடைசி ஞாயிறன்று நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னே போகின்றன. பழைய டைமருக்கு அந்தச் செய்தி எட்டாது. அது வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கடையைக் கட்டிவிடும். வீட்டார் பாய்லரைப் பழிப்பார்கள்.

அழுத்தவகை: பாய்லர் முகப்பிலுள்ள முள், குளிர்ந்த நிலையில் பெரும்பாலும் 1-க்கும் 1.5 பாருக்கும் இடையே நிற்க வேண்டும். வீட்டில் ஓர் ஆர்வலர் ரேடியேட்டர் தோறும் சாவி போட்டுக் காற்றைப் பிடுங்கியிருப்பார். அழுத்தம் இறங்கும்; பாய்லர் வேலைநிறுத்தம் செய்யும். அடியிலுள்ள பின்னல் குழாயின் இரு சிறு திருகுகளையும் மெல்லத் திறந்து நீர் ஏற்றி, முள் ஏறியதும் மூடிவிட வேண்டும். மூட மறந்தால் 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவர்க் குழாய் வழியே தண்ணீர் கொட்டும். அடுத்த வீட்டார் வந்து சொல்வார்கள்.

பனிவகை: இதுவே ஆய்வாளனுக்கு விருந்து. கண்டென்சிங் பாய்லர், புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து வெப்பத்தை மிச்சம் பிடிக்கும். அப்படிச் சொட்டும், லேசான அமிலத்தன்மையுள்ள நீர் வெளிச்சுவரிலுள்ள பிளாஸ்டிக் குழாய் வழியே போகும். உறைபனி நாளில் அந்த நீர் குழாய்க்குள்ளேயே கட்டியாகிவிடும். பின்னால் வரும் நீர் தேங்கி, பாய்லர் களுக் களுக் என்று தொண்டையைக் கனைத்து நின்றுவிடும். 2010 டிசம்பர்க் கடுங்குளிரில் நாடு முழுக்க இந்தக் கனைப்பு கேட்டது.

கள ஆய்வில் கண்டது: கொல்லைப்புறத்தில் ஒரு மாமா, பேண்ட்டின் மேல் சாரம் கட்டி, குரங்குக் குல்லாய் அணிந்து, ஆவி பறக்கும் கெட்டிலோடு நிற்கிறார். “மாமா, கொதிக்கிற தண்ணி ஊத்தாதீங்க, குழாய் வெடிச்சிரும். வெதுவெதுன்னு இருந்தா போதும்” என்கிறான் மருமகன். “நீ காபி போட்டுக் கொண்டா, போ” என்பது பதில். அதற்குள் அத்தை வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் குழாயின் முழங்கை வளைவில் கட்டிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் உள்ளே ஏதோ நழுவியது. குழாய் முனையில் பனிக்குச்சி ஒன்று விழுந்து நொறுங்கியது. மாமா உள்ளே வந்து ரீசெட்டை அழுத்த, பாய்லர் பற்றியது. பெருமை மாமாவுக்கே போனது.

5. ரீசெட் மார்க்கம்: தடையும் விடையும்

பற்றாத பாய்லருக்கு ரீசெட் பொத்தானே மருந்து என்பாரும் உளர். அஃது அன்று. என்னை? ரீசெட் பூட்டை நீக்கும். பூட்டியதன் காரணத்தை நீக்காது. சில முறை முயன்றும் சுடர் நிலைக்காவிட்டால், எரியாத கேஸ் சேர்ந்துவிடாதபடி பாய்லர் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. அற்றேல், மாமா அழுத்தியதும் பற்றியதே எனின், அது அத்தை கட்டிய பையால் பற்றியது என்க. காரணத்தைத் தேடாமல் திரும்பத் திரும்ப அழுத்துவது பக்தியே அன்றி ஆராய்ச்சி ஆகாது.

6. அகக் காரணங்கள்

தீப்பொறி முனை, விசிறி, கேஸ் வால்வு, சர்க்யூட் போர்டு என இவை பல. இப்பகுதி வேண்டுமென்றே சுருக்கப்பட்டுள்ளது. 1998-ஆம் ஆண்டுக் கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி, தகுதியுள்ளவரே கேஸ் கருவியில் கைவைக்கலாம். தொழிலாகச் செய்பவர், 2009 ஏப்ரல் முதல் கோர்கி என்னும் பழைய பதிவேட்டின் இடத்துக்கு வந்த கேஸ் சேஃப் பதிவேட்டில் இருக்க வேண்டும். சித்தப்பா மகன் யூடியூப் பார்த்திருப்பது தகுதி ஆகாது.

7. முடிபுகள்

அடுப்பு, தெர்மோஸ்டாட், டைமர், முள், வெளிக்குழாய்: இந்த வரிசையில் பார்க்க. பிறகு ஒருமுறை ரீசெட். அதற்கும் மசியாவிட்டால், வருபவரின் கேஸ் சேஃப் அட்டையை முன்னும் பின்னும் பார்த்த பிறகே பெட்டியைத் திறக்க விடுக. எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அட்டையின் பின்புறத்தில் இருக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லாததால் வீட்டில் அதற்கான அலாரம் இருக்கட்டும். கேஸ் வாடை அடித்தால் இந்தக் கட்டுரையைக் கீழே போட்டுவிட்டு, சுவிட்சைத் தொடாமல், ஜன்னலைத் திறந்துவைத்து வெளியே போய் 0800 111 999-ஐ அழையுங்கள். ஆய்வை யார் வேண்டுமானாலும் பிறகு தொடரலாம்.