பத்துக்குப் பத்து

“சார், எங்க சர்வீஸுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?” என்று இன்று காலை ஒரு பெண் போனில் கேட்டார். ஏழு என்றேன். அதற்கப்புறம் இதை எழுத உட்காரும்வரை போன் ஓயவில்லை. சர்வீஸ் அட்வைசர் பேசினார். அவருக்கு மேலே இருப்பவர் பேசினார். மேலேயே இருப்பவரும் பேசினார். எல்லோருக்கும் ஒரே துக்கம்: “அந்த மூணு மார்க் ஏன் சார் போச்சு?” வண்டியின் முன்பக்கம் கடகடவென்று ஏன் சத்தம் வருகிறது என்று நான் பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதை இவர்களில் ஒருவரும் இத்தனை உருக்கமாக விசாரித்ததில்லை.

ஸ்போர்ட்ஸ் காருக்கு நம்பகமான சர்வீஸ் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் ஊர்க்கதை.

நான் இருப்பது திருப்பருத்திக்குன்றம். காஞ்சிபுரத்திலிருந்து வேகவதியைத் தாண்டினால் வந்துவிடும். அந்தக் கரையில் ஊரே பட்டு நெய்கிறது. இந்தக் கரையில், உடுத்திய துணியும் வேண்டாம் என்று துறந்துபோன மகாவீரருக்குக் கோயில். அந்தக் கோயில் இருக்கும் ஊரில் சிவப்பு நிறத்தில், இரண்டே சீட்டு உள்ள காரை நிறுத்தி வைத்திருப்பவன் நான். சங்கீத மண்டபத்து விதான ஓவியங்களைப் பார்க்க வருகிறவர்கள்கூட, முதலில் காரோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். அந்த மண்டபத்தை 1387இல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டுவித்தார். என் கார் செகண்ட் ஹாண்ட்.

மாமியார் வந்தால் அவரும் மனைவியும் ஆட்டோவில் போவார்கள், நான் பின்னாலேயே காரில் போவேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் வயிறு தரையில் உரசும் என்பதால் ஆட்டோதான் முதலில் போய்ச் சேரும். முகூர்த்த நாளில் காந்தி ரோட்டில் மாட்டிக்கொண்டால், பட்டுப்புடவைப் பையோடு நடந்து போகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய், டீ குடித்து, திரும்பியும் வந்துவிடுவார்கள். கார் எந்தக் கம்பெனி என்று எழுதமாட்டேன். எழுதினால் ‘உங்கள் அனுபவத்தை மேம்படுத்த’ இன்னும் நாலு பேர் போன் செய்வார்கள்.

இத்தனைக்கும் இது காருக்குப் பேர்போன மாவட்டம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிறது. அங்கேயே 1990 முதல் ரேஸ் டிராக்கும் இருக்கிறது. ஒரகடத்துப் பக்கம் போனால் காரும் லாரியும் புல்லட்டும் செய்து தள்ளுகிறார்கள். செய்வதற்கு இத்தனை பேர் இருக்கிறார்கள், செய்ததைக் கழற்றி மாட்டத்தான் நான் சென்னைக்குப் போகவேண்டியிருக்கிறது.

உள்ளூரில் மெக்கானிக் இல்லாமலில்லை. என் பழைய காரை ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்ட பாய் இருக்கிறார். இந்த வண்டியின் போனட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு, “இது கம்ப்யூட்டர் வண்டி சார். நமக்குத் தெரியாது, தொடமாட்டேன்” என்றார். கார் சம்பந்தமாக ஒருவர் என்னிடம் “தெரியாது” என்று சொன்னது அதுதான் கடைசி. ஸ்கேனர் இருந்தால் அவரே பார்த்துவிடுவார். அது அவர் கைக்குக் கிடைத்தால்தானே? ஸ்பேரும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவியும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காதபடி செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது. பாய் கடைக்கு ஸ்கேனர் வரவில்லை.

எனவே சென்னை. கண்ணாடிக் கட்டடம். ஏசி, சோபா, காபி மெஷின், யாரும் பார்க்காத டிவி. நம்மிடம் பேசுகிற அட்வைசர் ஸ்பானரைத் தொட்டதே இல்லாத மாதிரி வெள்ளைச் சட்டை போட்டிருப்பார். ஸ்பானரைத் தொடுகிறவர் யார் என்று கடைசிவரை நமக்குத் தெரியாது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து எங்கள் தெருப் பையன்கள் என்னையும் மரியாதையாகப் பார்க்கிறார்கள். அவருக்கு வண்டி பிட்டுக்குள் நுழைந்தால் மெக்கானிக்குகள் ஓடி வருகிறார்கள். எனக்கு அட்வைசர் மட்டும் வருகிறார், டேப்லெட்டோடு. அவர்கள் பந்தயமே முடித்துவிடுகிற நேரத்தில் எனக்கு வாட்டர் வாஷ்கூட முடிவதில்லை.

வண்டியைக் கையில் கொடுக்கும்போது அட்வைசர் குரலைத் தாழ்த்துவார். “சார், கம்பெனிலேருந்து கால் வரும். பத்துக்குப் பத்து சொல்லிடுங்க. ஒன்பது சொன்னாலும் ஃபெயில்தான் சார், என் இன்சென்டிவ் போயிடும்.” பத்துக்கு ஒன்பது எடுத்தவன் ஃபெயிலாகிற பரீட்சை உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும். நான் படித்த காலத்தில் முப்பத்தைந்து எடுத்தால் வீட்டில் பாயசம். எங்கள் தமிழய்யா ஒற்றுப்பிழைக்கு அரை மார்க் வீதம் கழித்து, கட்டுரையில் மைனசுக்கே போனவர்களை வைத்திருந்தார். யாரும் அவர் வீட்டுக்குப் போய், “அய்யா, நூறு போடலேன்னா என் இன்சென்டிவ் போயிடும்” என்று அழவில்லை.

சரி, இது யார் வேலை என்று தேடினால், அமெரிக்காவில் பிரெட் ரைக்கெல்ட் என்பவர் 2003இல் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’வில் எழுதிய கட்டுரை. வாடிக்கையாளரிடம் ஒரே கேள்வி போதும்: எங்களை நண்பருக்குச் சிபாரிசு செய்வீர்களா? பூஜ்யம் முதல் பத்துவரை சொல்லுங்கள். ஒன்பதும் பத்தும் நம் ஆள், ஏழும் எட்டும் இரண்டுங்கெட்டான், ஆறும் அதற்குக் கீழும் எதிரி. நல்ல கேள்விதான். ஆனால் என் நண்பர்களைப் பாருங்கள். ஒருவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பாவு உருட்டை ஏற்றிப் போகிறார். ஒருவர் வாக்கிங் போகிறார். மூன்றாமவர் கோபித்துக்கொண்டு என்னிடம் பேசுவதில்லை. இதில் யாருக்கு நான் டூயல் கிளட்ச் ஆயில் மாற்றுகிற இடத்தைச் சிபாரிசு செய்வது?

அந்தக் கேள்வியையாவது நேராகக் கேட்கிறார்களா? விடையையும் அவர்களே சொல்லிக்கொடுத்துவிட்டு நம்மை ஒப்பிக்கச் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் நெசவாளி, நாள்கணக்கில் தறிக்குழியில் காலை வைத்து நெய்த புடவையை முதலாளியிடம் கொண்டுபோவார். அவர் அதை வெளிச்சத்தில் விரித்து, கோர்வை எங்கே பிசகியிருக்கிறது, சரிகை எங்கே விட்டிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார். பழுது கண்டால் கூலியில் பிடித்தம். கல்நெஞ்சம்தான், நியாயமும் சில நாள் இருக்காது. ஆனாலும் அங்கே இரண்டு பேரும் புடவையைத்தான் பார்க்கிறார்கள். இங்கே வண்டியை யாரும் பார்ப்பதில்லை, மார்க்கைத்தான் பார்க்கிறார்கள். கடகட சத்தம் பற்றிக் கேட்டால், “அது நார்மல் சார், எல்லா வண்டிலயும் வரும்” என்பது பதில். எல்லா வண்டியிலும் வந்தால் எல்லா வண்டிக்கும் ஏழு போடுங்களேன்! இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், அந்தப் பையன் பாவம். அவன் சம்பளம் என் வாயில் இருக்கிறது. அதைத் தெரிந்தே அங்கே வைத்திருக்கிறார்கள். நான் உண்மையைச் சொன்னால் அடிபடுவது மேலே இருப்பவர் இல்லை, வெள்ளைச் சட்டைத் தம்பிதான். இப்படி எத்தனை பேர் மனமிரங்கிப் பத்து போட்டிருப்பார்கள்! அந்தப் பத்துகளையெல்லாம் கூட்டிச் சட்டம் போட்டு, ‘வாடிக்கையாளர் திருப்தியில் முதலிடம்’ என்று காபி மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். அதை நம்பி நானும் சாவியைக் கொடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம்பகமான இடத்தைக் கண்டுபிடிக்க முதல் வழி: கழற்றிய பழைய பார்ட்ஸைக் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்டேன். கொஞ்ச நேரம் உள்ளே சலசலப்பு. பிறகு பாலிதீன் பையில் ஒரு ஏர் ஃபில்டர் வந்தது. அது என் வண்டிக்குள் நுழையவே நுழையாது. ஏதோ ஏழு சீட்டு வண்டியுடையது. “இதுதான் சார் உங்களுது” என்றார் தம்பி, கண் இமைக்காமல். பில்லில் கேட்காத ஏசி கிளீனிங் இருந்தது. அதை நீக்கச் சொன்னால், “செஞ்சாச்சே சார்” என்றார். பாய் கடையில் செய்யாததற்குப் பில் கிடையாது. செய்ததற்கே கேட்டால்தான் துண்டுச்சீட்டு.

அடுத்த சர்வீஸ் ஐப்பசியில். பிரேக் ஆயில் மாற்றவேண்டிய முறை. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருதடவை மாற்றியே ஆகவேண்டும். ஃபில்டராவது கையில் பிடித்துக் காட்டுகிற பொருள். பழைய பிரேக் ஆயிலைக் கேட்டால் கீழே ஊற்றிவிட்டோம் என்பார்கள். மாற்றினார்களா இல்லையா என்பதை பெங்களூர் ஹைவேயில் பிரேக்கை மிதித்துத்தான் நான் தெரிந்துகொள்ளவேண்டும். அந்த வாரம் வெள்ளைகேட் பக்கம் வருகிறவர்கள் சிவப்பு வண்டியைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே வாருங்கள்.