வகுப்பறைப் புத்தாண்டியல்

மாணாக்க, எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கேள்.

புத்தாண்டு என்பது நாள்காட்டிப் புத்தாண்டு, வகுப்பறைப் புத்தாண்டு என இரு வகைப்படும். முன்னது யூலியசு சீசர் கி.மு. 45இல் நடைமுறைக்குக் கொணர்ந்து, திருத்தந்தை பதின்மூன்றாம் கிரெகோரி 1582இல் செப்பனிட்ட ஆண்டின் முதல் நாள். அவ்விருவரும் அரையாண்டுத் தேர்வு விடுமுறையை எண்ணிப் பார்த்திலர். ஆதலின் தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் அவ்விடுமுறை கழிந்து கதவு திறக்கும் நாளே பின்னது எனக் கொள்க. தமிழ்ப் புத்தாண்டும் உளதே எனின், 2008இல் சட்டத்தால் தைக்குச் சென்று 2011இல் சட்டத்தாலேயே சித்திரைக்கு மீண்ட அது, எத்திங்களில் நிற்பினும் அந்நாள் பள்ளி விடுமுறை. பூட்டிய அறைக்கு வகை கூறல் நம் நெறியன்று.

வகுப்பறைப் புத்தாண்டின் உறுப்புகள் நான்கு: வாழ்த்தொலி, பலகையெழுத்து, மிட்டாயீடு, ஆண்டுவழு. பலூன் உறுப்பாகாதோ எனின், ஆகாது. அது வெடித்தற்கு உரியது. வெடித்தபின் அழுகையியலுள் அடங்கும்.

முதலாவது, வாழ்த்தொலி. ஆசிரியை வாயிலில் கால்வைத்த அளவில் முப்பது வாயும் ஒருங்கே திறந்து ‘ஹேப்பி நியூ இயர் டீச்சர்’ என்பது. இது மூன்று வகை. ‘ஹேப்ப்ப்பீ’ என முதற்சொல்லிலேயே மூச்சு தீர்வது நெட்டொலி. வாய் தானே ‘வணக்கம்’ எனத் தொடங்கி நடுவில் மடங்குவது பழக்கொலி. எல்லாரும் அமர்ந்தபின் ஒரு குரல் மட்டும் ‘டீச்சர்ர்’ என எழுவது கடையொலி. இதே வாழ்த்தை வாயிலிலும் தாழ்வாரத்திலும் குழாயடியிலும் அதே ஆசிரியைக்கு வழங்குதல் மீள்வாழ்த்து எனப்படும். அதற்கு எண்ணெல்லை இல்லை.

இரண்டாவது, பலகையெழுத்து. நிறச் சாக்பீசால் பெரிதாகத் தொடங்கி, வலக்கோடியில் இடம் போதாமையால் சிறுத்து முடியும். ‘அழிக்காதீர்’ என்னும் குறிப்புடையது. ஆதலின் ஒரு கிழமை வரை கணக்கெல்லாம் அதன் கீழேயே நெருக்கி எழுதப்படும்.

மூன்றாவது, மிட்டாயீடு. பவணந்தியார் நன்னூலில் மாணாக்கரை அன்னமும் ஆவும் தலை, மண்ணும் கிளியும் இடை, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி கடை என வகுத்தார். ஆனால் அவர் கண்ட மாணாக்கர் கையில் மிட்டாய் இல்லை. அக்குறை ஈண்டு நிரப்பப்படும்.

(அ) உடனுண்போன். தாள் முழுதும் நீங்குமுன் வாயிலிடுவான். எஞ்சிய தாளை நாவால் பிரித்து விரலால் எடுப்பான்.

(ஆ) பையிடுவோன். சட்டைப் பையில் இட்டு, உளதோ எனத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். இவன் இரு வகை: தங்கைக்கென வைப்போன், ‘தங்கச்சிக்கு ஒண்ணு டீச்சர்’ என இன்னொன்று பெறுவோன். பின்னவருள் தங்கையே இல்லாதாரும் உளர். இதனை ஆசிரியை அறிவார், அறிந்தும் ஈவார்.

(இ) பகிர்வோன். மிட்டாயைச் சட்டை நுனியால் பொதிந்து பல்லால் உடைத்துப் பாதியைத் தோழனுக்கு நீட்டுவான். சிறார் இதனைக் காக்காக்கடி என்ப. மிட்டாயில் எச்சில் படாமை இதன் பயன். சட்டை எச்சிற்படுதல் வேறிடத்து ஆராயப்படும். மூவருள் இவனே தலை என்பது எம் துணிபு.

(ஈ) மாற்றுவோன். பச்சை பெற்றுச் சிவப்பு வேண்டுவான். சிவப்பு பெற்றபின் பச்சையை நினைப்பான். இவனை எவ்வரிசையிலும் வைத்தற்கு இயலாமையின் புறத்தே நிறுத்தினாம்.

நான்காவது, ஆண்டுவழு. நாள் குறிக்குமிடத்துப் பழைய ஆண்டை எழுதுதல். பொங்கல் விடுமுறை வரை இது வழுவமைதி, அதன்பின் வழுவே. திருத்தும் முறை மூன்று. ஈற்று ஐந்தின் வயிற்றை மூடி 2025ஐ 2026 ஆக்குவது மூடுதிருத்தம். கை நோகாத இவ்வாய்ப்புப் பத்தாண்டுக்கு ஒருமுறையே வரும். 2023ஐ இவ்வாறு 2024 ஆக்க முயன்றோர் வேறெதனையோ வரைந்தனர். ரப்பரால் தாள் ஓட்டையாகும் வரை தேய்ப்பது தேய்திருத்தம். விரலில் எச்சில் தொட்டு அழிப்பது எச்சில்திருத்தம். சிலேட்டுக்குப் போதும், தாளுக்கு ஆகாது, ஆயினும் தாளிலேயே மிகுதி. பலகையில் ஆசிரியையே பழைய ஆண்டை எழுதிவிடின் முப்பது குரலும் ஒரே நொடியில் திருத்தும். அவ்வொலி வாழ்த்தொலியினும் பெரிது.

புறனடை: அந்நாளே ஒருவர்க்குப் பிறந்தநாளுமாயின், அவர் நிறச்சட்டை அணிந்து வந்து ஈயும் மிட்டாய் புத்தாண்டு மிட்டாயுள் அடங்குமோ எனின், அடங்காது. இரண்டும் வேறு, இரண்டும் கேட்கப்படும். விடுமுறைக்குள் பிறந்தநாள் கழிந்தோரும் தம் நிறச்சட்டை உரிமையை அன்றே கோருவர். கொடுக்க.